பார்த்தவரைத் தண்டிக்கும் சட்டங்கள்: ஒரு பாற்பண்ணை வேலியோரத்தில் இருந்து

கடந்த வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் ஹட்டனில் பஸ் ஏறினேன். இறங்கிய இடத்தில் இருந்து தேயிலை மலைகளுக்கிடையே முக்கால் மணிநேரம் நடந்து, ஒரு பாற்பண்ணையின் பின்புற வேலிக்கு வெளியே போய் நின்றேன். பண்ணையின் பெயரையோ அது இருக்கும் தோட்டத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்குத் தகவல் சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்க நிர்வாகத்துக்கு அரைமணி நேரம்கூடத் தேவைப்படாது.

தகவல் சொன்னவர் அங்கே சாணி அள்ளவும் புல் வெட்டிப் போடவும் போகும் ஒரு அக்கா. "காளக்கன்னு பொறந்தா அன்னைக்கே தாய்க்கிட்ட இருந்து பிரிச்சிருவாங்க தங்கச்சி. பின்னுக்கு ஒரு கொட்டாயில போட்டுருவாங்க. பால் குடுக்கிறதில்ல. மூனு நாளு, நாலு நாளு கத்தும். பொறகு சத்தம் நின்னுரும். ராவையில லயத்துக்கே கேக்கும்" என்றார். அவர் சொன்னதை நான் கண்ணால் காணவில்லை. காணத்தான் போனேன்.

பிரதேச சபை கொங்கிரீட் போட்ட பாதையில் நின்று கைத்தொலைபேசியில் பதினொரு படங்கள் எடுத்தேன். தகரக் கூரை, பனி, முட்கம்பி, அவ்வளவுதான். காவலாளி ஓடி வந்தார். அவரும் தோட்டத்துப் பையன்தான், இருபத்தைந்து வயதிருக்கும். "மிஸ், போட்டோ எடுக்க ஏலாது. பிரைவட் எடம்" என்றார். நான் நிற்பது பொதுப்பாதை என்றேன். அவர் யாருக்கோ அழைப்பெடுத்து என்னிடம் தந்தார். மறுமுனையில் இருந்தவர் பெயர் சொல்லவில்லை. நான் அத்துமீறி நுழைந்திருக்கிறேன், மாடுகளுக்கு நோய் தொற்றினால் பொறுப்பு என்னுடையது, பொலிஸுக்கு அறிவிக்கப் போகிறேன் என்று சிங்களத்தில் அடுக்கினார். காவலாளியின் முகத்தைப் பார்த்தேன். "அழிச்சிருங்க மிஸ், இல்லாட்டி எனக்குத்தான் வேலை போகும்" என்றார். பதினொன்றையும் அவர் முன்னாலேயே அழித்தேன்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில், இப்படியான கட்டத்தில் ஊடகவியலாளர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பாடமே இருந்தது. அது நினைவுக்கு வந்தது திரும்பி வரும் பஸ்ஸில்தான்.

அன்று அந்த வேலியின் இரு பக்கமும் நடந்தவற்றில் எது குற்றம் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னது உண்மையென்றால் உள்ளே நடப்பது குற்றம். இலங்கையில் விலங்கை வதைப்பதைத் தடுக்க 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உணவும் நீரும் இல்லாமல் விலங்கைச் சாகவிடுவதும் வதைதான். அதற்கு அந்தச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபாய். சிறை என்றால் மூன்று மாதம். 1907 இல் நூறு ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு ஹட்டன் டவுனில் ஒரு தேநீரும் இரண்டு வடையும் சாப்பிட்டால் அதைவிடக் கூட வரும்.

இதை மாற்ற வேண்டும் என்று குரல் எழுந்து காலமாகிவிட்டது. சட்ட ஆணைக்குழு 2006 இலேயே புதிய விலங்கு நலன்புரிச் சட்டத்துக்கான வரைவைத் தயாரித்தது. 2010 இல் அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2016 தை மாதம் அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. பின்னர் குழுக்கள், திருத்தங்கள், கலந்துரையாடல்கள், இன்னொரு அரசாங்கம், இன்னொரு அமைச்சர். 2024 இலும் நீதவான் நீதிமன்றங்களில் கையில் இருந்தது அந்த நூறு ரூபாய்ச் சட்டம்தான்.

அபராதத்தைக் கூட்ட வேண்டும் என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. என் கவலை வேறு. எவ்வளவு நல்ல சட்டம் வந்தாலும் வழக்கு நடக்க ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை வேலிக்கு வெளியே நிறுத்தி வைக்கும் வேலையைப் பல நாடுகளில் இப்போது சட்டமே செய்கிறது.

அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் 2012 இல் ஒரு பெரிய பாற்பண்ணைக்குள் தொழிலாளர்கள் பசுக்களை அடித்துத் துன்புறுத்தும் காணொளி வெளியானது. அங்கே வேலைக்குச் சேர்ந்து அதை இரகசியமாகப் பதிவு செய்தவர் ஒரு விலங்குரிமை அமைப்பைச் சேர்ந்தவர். மாநிலத்தின் பாற்பண்ணைத் துறையினர் அதன்பின் சட்டமன்றத்துக்குப் போனார்கள். பசுக்களைப் பாதுகாக்க அல்ல, பண்ணைகளைக் கேமராவிடம் இருந்து பாதுகாக்க. 2014 இல் நிறைவேறிய சட்டப்படி, உரிமையாளரின் சம்மதமின்றிப் பண்ணைக்குள் ஒலியோ ஒளியோ பதிவு செய்தால் ஒரு வருடம் வரை சிறை, 5,000 டொலர் வரை அபராதம். அதே மாநிலத்தில் விலங்கை வதைத்து முதல் தடவை அகப்படுபவருக்கு உச்சத் தண்டனை ஆறு மாதம்தான். அடித்தவருக்கு ஆறு மாதம், அடித்ததைப் படம் பிடித்தவருக்கு ஒரு வருடம்.

இந்த வகைச் சட்டம் ஐடாஹோவில் தொடங்கியதல்ல. 1990 இல் கன்சாஸ் மாநிலம் தொடங்கி வைத்தது. 2012 இல் அயோவாவும் யூட்டாவும் சேர்ந்துகொண்டன. யூட்டாவில் ஒரு பெண் இறைச்சிக்கூடத்துக்கு வெளியே பொது வீதியில் நின்று காணொளி எடுத்ததற்காக 2013 இல் வழக்குக்கு ஆளானார். எதிர்ப்பு வலுத்ததும் வழக்கைக் கைவிட்டார்கள். அந்தச் செய்தியை நான் படித்தது என் பதினொரு படங்களை அழித்த பிறகு. முதலிலேயே படித்திருந்தால் கொஞ்சம் அதிகமாக வாதாடியிருப்பேனோ என்னவோ.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உறவினர் யாராவது உள்ளே இருந்த வீடுகளில் இதைப் படிப்பவர்களுக்கு இன்னொரு தகவல். 2006 கார்த்திகையில் ஜனாதிபதி புஷ் ஒப்பமிட்ட சட்டமொன்றின் பெயர் 'விலங்குத் தொழில்முயற்சிப் பயங்கரவாதச் சட்டம்'. விலங்குகளை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்களுக்கு எதிரான சில நடவடிக்கைகளை அது பயங்கரவாதம் என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. கோழிக் கூண்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அந்தச் சொல்லை நீட்ட முடியுமென்றால் அதை எங்கேயும் நீட்டலாம். நமக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல.

ஐடாஹோ சட்டத்தை எதிர்த்து விலங்கு அமைப்புகள் மட்டும் நீதிமன்றம் போகவில்லை. குடியியல் உரிமை அமைப்புகளும் சேர்ந்து போயின. 2015 ஆவணியில் மாவட்ட நீதிபதி வின்மில் அந்தச் சட்டம் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரண் என்று தள்ளினார். 1906 இல் சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி நாவல் எழுதிய அப்டன் சின்கிளேயரை அவர் தீர்ப்பில் நினைவூட்டினார். தன்னை யாரென்று காட்டாமல் தொழிலாளர்களோடு தொழிலாளராக உள்ளே போய்ப் பார்த்து எழுதியவர் அவர். இந்தச் சட்டத்தின்படி இன்று அவரையும் உள்ளே தள்ளலாமே என்பது நீதிபதியின் வாதம். 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை மீண்டும் நிற்கவிட்டது. ஆனால் பதிவு செய்வதற்கு விதித்த தடை எழும்பவில்லை. யூட்டாவின் சட்டம் 2017 இல் விழுந்தது. ஒரு மாநிலத்தில் விழுந்தால் இன்னொன்றில் வேறு சொற்களோடு எழும்புகிறது. கனடாவின் ஒன்ராறியோ 2020 இல் கொண்டுவந்த சட்டத்துக்கு 'உணவுப் பாதுகாப்பு' என்று அழகான பெயர் வைத்தது. அங்கே இருக்கும் நம்மவர்கள் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று தெரியவில்லை.

சின்கிளேயரைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஹட்டன்தான் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது. தோட்டம் முழுவதும் கம்பெனியின் தனிச்சொத்து. லயமும் சொத்து, லயத்துக்குப் போகும் பாதையும் சொத்து, பெரட்டுக்களமும் சொத்து. தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்து பேசுபவர்கூட அத்துமீறியவர். கோ. நடேசய்யர் தோட்ட மக்களின் நிலையை அறிய எப்படி உள்ளே போனார் என்பது மலையகத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. புடவை வியாபாரி வேடத்தில், தோளில் துணி மூட்டையோடு போனார். கண்டதைப் பத்திரிகையில் எழுதினார், துண்டுப்பிரசுரமாகப் போட்டார். 1931 இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1936 இல் அதே ஹட்டன் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் வேடமிட்டு நுழைந்ததுதான் குற்றம், லயத்தின் நிலை குற்றமல்ல என்று அன்றைய துரைமார் நினைத்தார்கள். ஐடாஹோவின் சட்டமன்றம் எண்பது வருடம் கழித்து நினைத்ததும் அதுவே.

அடுத்த வருடம் பிரேஸ்கேடில் விவகாரம். அவுஸ்திரேலியாவில் இருந்து மடுல்கெலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரையாகப் பயிற்சிக்கு வந்த இளைஞர், தொழிலாளர் பக்கம் பேசத் தொடங்கி வேலையை இழந்தார். 1937 சித்திரை 3 ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், துரைமார் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று உள்ளே இருந்த ஒருவராகவே எழுந்து பேசினார். மூன்று வாரத்துக்குள் ஆளுநரிடம் இருந்து நாட்டைவிட்டு வெளியேறும்படி கட்டளை வந்தது. அதற்கு எடுத்தது 1896 ஆம் ஆண்டின் பழைய அவசரகால ஆணை. அவர் தலைமறைவானார், காலிமுகத்திடலில் பெரும் கூட்டம் கூடியது, வைகாசியில் உயர் நீதிமன்றம் கட்டளை செல்லாது என்றது. தோட்டத்தில் என்ன நடந்தது என்று விசாரிக்க ஆளுநருக்கு நேரம் இருக்கவில்லை. சொன்னவனைக் கப்பலேற்ற நேரம் இருந்தது.

இதை எழுதும்போது வன்னி வாசகர்கள் முகம் கண்முன் வருகிறது. 2008 புரட்டாதியில் ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போனபோது, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியதை நீங்கள் மறக்கவில்லை. ஊடகவியலாளர் அதற்கு முன்பே போக முடியாமல் இருந்தது. முதலில் பார்ப்பவர்கள் அகற்றப்பட்டார்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என் பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்களில் ஒருவர். தர்மபுரத்தில் காணி வெட்டி, மாடு வளர்த்தார். 2009 தையில் இடம்பெயரும்போது ஒன்பது மாடுகளின் கயிறுகளையும் அறுத்துவிட்டார். இரண்டு பசுக்கள் உழவு இயந்திரத்தின் பின்னாலேயே நெடுந்தூரம் வந்தனவாம். இன்றைக்கும் அந்த இரண்டு மாடுகளைப் பற்றி, அவற்றின் பெயர், கொம்பு, குறிசுட்ட இடம் எல்லாம் சொல்லுவார். அதே பாதையில் இழந்த மனிதர்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்று கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் ஒரு தாயிடம் சொன்னேன். "பிள்ளை, எங்கட பிள்ளையள் எங்கை எண்டு கேட்டு நாங்கள் ரோட்டில கிடக்கிறம். நீர் மாட்டுக்கண்டைப் பற்றி எழுதப்போறீர் என்ன?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தேடவும் போவதில்லை. பிள்ளையையும் கன்றையும் ஒரே தட்டில் வைக்க இதை நான் எழுதவில்லை. இரண்டு இடத்திலும் கட்டப்பட்ட வேலி ஒரே ஆட்கள் ஒரே கம்பியால் கட்டியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மாட்டுக்கு என்று பழக்கப்படுத்தும் சட்டம் மாட்டோடு நிற்பதில்லை. ஐடாஹோவில் அது தொழிலாளியின் கைத்தொலைபேசிக்கும் சேர்த்துத்தான் வந்தது.

நாமும் சுத்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடு பால் தர வேண்டுமென்றால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காளை. பால் சேகரிப்பு நிலையத்துக்கு லீற்றர் கணக்கில் ஊற்றுபவருக்கு, காளைக்கன்று குடிக்கும் ஒவ்வொரு லீற்றரும் நட்டம். தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் ஒன்று இரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. கொழுந்துச் சம்பளம் காணாத மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடச் செலவைக் கட்டியது அந்தப் பால்தான். அம்மா கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிட்டுத்தான் கறப்பார். ஆனாலும் ஐந்தாறு மாதத்தில் ஒரு வியாபாரி வந்து காளைக்கன்றைக் கூட்டிக்கொண்டு போவார். எங்கே போகுது என்று கேட்டால் "ஊருக்குப் போகுது" என்பார் அம்மா. எந்த ஊர் என்று கேட்கும் வயது வந்தபோது நான் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் பட்டியை யாரும் பார்க்கலாம். வேலியில்லை, கதவில்லை. மாடு மெலிந்திருந்தால் பக்கத்துக் காம்பரா ஆச்சி ஏசுவார். கால்நடை வைத்தியர் வந்தால் நேரே உள்ளே போவார். ஏழை செய்யும் கொடுமை வெளிச்சத்தில் நடப்பதால் அகப்படுவதும் அவர்தான். நீதிமன்றச் செய்திகளைப் பாருங்கள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மாடு ஏற்றிய லொறிச் சாரதி, நெருக்கிக் கட்டிக் கொண்டுபோன வியாபாரி. ஆயிரம் மாடு, பத்தாயிரம் கோழி வைத்திருப்பவரின் பெயரை அந்தச் செய்திகளில் கண்ட ஞாபகம் எனக்கில்லை. 2022 மார்கழிக் குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தபோது நாம் எல்லோரும் படம் பார்த்தோம். வெட்டவெளியில் கிடந்ததால் பார்த்தோம்.

பெரிய பண்ணைக்குள் நடப்பது வெளியே வருவது எப்போது? ஒரு உதாரணம் நுவரெலியா மாவட்டத்தையும் தொட்டுப் போகிறது. பாலில் தன்னிறைவு என்று சொல்லி அவுஸ்திரேலியாவில் இருந்து சினைப்பசுக்களை இறக்கும் திட்டம் 2012 அளவில் தொடங்கியது. முதலில் வந்தவை டயகம, போபத்தலாவை, மெனிக்பாலம ஆகிய அரச பண்ணைகளுக்குப் போயின. பின்னர் தனியார் பண்ணையாளருக்கென 20,000 பசுக்களைக் கொண்டுவரும் திட்டத்தின் முதற்கட்டமாக 2017 இல் 5,000 வந்திறங்கின. 2019 இல் அவுஸ்திரேலியாவின் ஏ.பி.சி. ஊடகம் நூற்றுக்கணக்கான பசுக்கள் செத்துப்போனதையும், கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர்கள் நொந்துபோனதையும் வெளிக்கொண்டுவந்தது. ஏற்றுமதி செய்த நிறுவனம் தன் தரப்பில் தவறில்லை என்றது. இங்கே கணக்காய்வாளர் நாயகமும் திட்டத்தைக் கணக்காய்வு செய்தார். அந்தச் செய்தி வெளியே வர முடிந்ததற்குக் காரணம், பாதிக்கப்பட்ட பண்ணையாளர்கள் தாமாகவே படலையைத் திறந்து காட்டியது. அரச பணம் சம்பந்தப்பட்டதால் கணக்காய்வும் நடந்தது. இந்த இரண்டும் இல்லாத பண்ணையில் செத்தால் குழி ஒன்றுதான் சாட்சி.

அதே அவுஸ்திரேலியாவில், வேலிக்குள் அத்துமீறி நுழைந்து எடுத்த காணொளியை வெளியிடுவதையும் குற்றமாக்கும் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை ஒரு விலங்கு அமைப்பு எதிர்த்து வழக்காடியது. 2022 ஆவணியில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், சட்டத்தின் பக்கம் நின்றது. ஒரு நீதிபதியின் வித்தியாசம்.

இலங்கையில் இப்படியொரு சட்டம் இல்லை. தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. என்னைத் திருப்பி அனுப்பியது ஒரு காவலாளியும் ஒரு தொலைபேசி அழைப்பும். அக்காவை வாய்மூட வைப்பதற்கு அதுகூடத் தேவையில்லை. அவர் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் நாளைக்கு வீட்டைப் பற்றிய பேச்சு வரும். பேர் வெட்டினால் குடும்பமே வெளியே. இருநூறு வருடமாகக் காணியுரிமை கேட்கும் ஒரு சமூகத்தில் தொழிலாளியின் வாய்க்குப் பூட்டு அவருடைய கூரையிலேயே இருக்கிறது. ஊழலைப் பற்றித் தகவல் தருபவரைப் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. தொழுவத்தில் கன்று பட்டினி கிடக்கிறது என்று சொல்பவர் அந்த வகைக்குள் வரமாட்டார்.

வெளியிடுபவருக்கோ 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் காத்திருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்கு அச்சுறுத்தலான பொய்க்கூற்று என்று ஒரு வகை அதில் இருக்கிறது. எது பொய் என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. ஒரு பண்ணையின் பாலைப் பற்றி, கோழியைப் பற்றி எழுதினால் அந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு வர ஒரு கெட்டிக்கார சட்டத்தரணி போதும். விலங்குகளுக்காகப் பேசும் கொழும்பு நண்பர்கள் இந்தச் சட்டத்தைத் தங்கள் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை. அவர்கள் அபராதத் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். நுழையவும் பார்க்கவும் சொல்லவும் உள்ள உரிமை என்று வரும்போது அதை ஊடக அமைப்புகளின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள்.

தொலைபேசியில் மிரட்டியவர் சொன்ன நோய்க் கதையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கால்வாய் நோய் சப்பாத்தில் வரும், வாகனச் சில்லில் வரும். 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது பண்ணைகளைப் பூட்டி வைத்தது சரிதான். ஆனால் வேலிக்கு வெளியே முப்பது யார் தூரத்தில் நிற்கும் கேமராவில் இருந்து எந்தக் கிருமியும் பறந்து போகாது. அம்பேவலைக்குப் போனால் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்துப் பண்ணை பார்க்கிறார்கள். காட்ட விரும்புவதைக் காட்ட வழி கண்டுபிடிக்கும் துறைக்கு, மற்றதைக் காட்டவும் வழி கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த நாட்டில் விலங்கின் மீதான இரக்கம் அடிக்கடி ஒரு சமூகத்தின் மீதான வெறுப்பாக வேடமிட்டு வருகிறது. 2013 வெசாக் தினத்தில் கண்டி தலதா மாளிகைக்கு அருகே ஒரு பிக்கு மாடு அறுப்பதை எதிர்த்துத் தீக்குளித்தார். அந்த வருடங்களில் ஹலால் எதிர்ப்பு எங்கே போய் முடிந்தது என்பது தெரியும். வடக்கிலும் சைவத்தின் பெயரால் அதே தொனியில் பேசுபவர்கள் வந்துவிட்டார்கள். 2020 புரட்டாதியில் அமைச்சரவை மாடறுப்புத் தடைக்குக் கொள்கையளவில் இணங்கியபோது, மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு அதை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பது என்றும் சேர்த்துத் தீர்மானித்தது. அதாவது மாடு சாகட்டும், ஆனால் நம் கண்ணில் படாத தேசத்தில் சாகட்டும். பால் வற்றிய மாட்டை என்ன செய்வது என்று அம்மா போன்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. முஸ்லிம் இறைச்சிக் கடைக்காரருக்கு எதிராக மட்டும் திரும்பும் கேமராவோடு எனக்குச் சம்பந்தமில்லை. இந்தக் கட்டுரையை அப்படி யாராவது பகிர்ந்தால் அதற்கு என் எதிர்ப்பை இங்கேயே பதிந்து வைக்கிறேன்.

வரவிருக்கும் விலங்கு நலன்புரிச் சட்டத்தில் நமக்கு வேண்டியது என்ன? குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலங்கு வைத்திருக்கும் எந்தப் பண்ணையையும் முன்னறிவித்தல் இல்லாமல் பார்வையிடும் அதிகாரம், அந்த அறிக்கைகளை எவரும் படிக்க வழி, கொடுமையைச் சொன்ன தொழிலாளியை வேலையில் இருந்தோ குடியிருப்பில் இருந்தோ வெளியேற்றினால் அதையே ஒரு குற்றமாக்கும் பிரிவு. கடைசியாகச் சொன்னதற்குத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். ஹட்டனில் இரண்டு சங்கத்தவரிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார். மற்றவர், "இத மாட்டுக்குன்னு கேட்டா சிரிப்பாங்க தங்கச்சி, ஆனா இந்தப் பிரிவு வந்தா எங்க கேஸுக்கும் ஒதவும்" என்றார். அவர் புரிந்துகொண்ட அளவுக்குக் கொழும்புக் கருத்தரங்குகளில் யாரும் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அதுவரைக்கும் கையில் உள்ள கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தேசிய கால்நடை வள அபிவிருத்தி சபை அரச நிறுவனம் என்பதால் அதன் பண்ணைகளில் வருடத்துக்கு எத்தனை கன்று பிறந்தது, எத்தனை இறந்தது, காளைக்கன்றுகளை என்ன செய்தார்கள் என்று எந்தப் பிரசையும் விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற மாவட்டங்களில் உள்ளவர்களும் உங்கள் பகுதிப் பண்ணைக்கு ஒன்று எழுதினால் நல்லது. நான் நின்ற அந்த வேலி தனியாருடையது, அதற்கு இந்தச் சட்டம் எட்டாது.

அக்கா இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறார். ஐப்பசியில் ஒரு இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். "கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் காம்பரா யன்னலுக்கு வெளியே நீட்டினார். தகரத்தில் மழை. மழைக்கு நடுவே, தூரத்தில், விட்டுவிட்டு ஒரு கன்று. நான்கு நிமிடம். அதைப் பதிவு செய்தேன். மழையில் எந்தப் பண்ணை என்று யாராலும் அடையாளம் காண முடியாது. ஆனால் கடைசியில் அக்கா "கேட்டிச்சா தங்கச்சி" என்று கேட்கிறார், அந்தக் குரலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை இங்கே இணைக்கவில்லை.